பின்சீட்டில் மூன்று பேர்

யான், கெடா
17.3.2025

அன்புள்ள வாசுகி அக்காவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உன் காதுக்கு வந்திருக்கும், கொஞ்சம் வால் முளைத்தே வந்திருக்கும். மாசி மகத்தன்று, சுங்கை பட்டாணி கோயிலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் திடலில், சுகுமாரன் மச்சானுடைய புதுக் காரின் பின்சீட்டில், கையில் தையல் டேப்போடு குப்புறக் கிடந்து, கால்சட்டையின் பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரைக்கும் பிரிந்து, பால்குடம் எடுத்து வந்த பெண்கள் பார்த்துச் சிரிக்க அகப்பட்டுக்கொண்ட ஆசாமி வேறு யாருமில்லை, நான்தான். வயது ஐம்பத்து மூன்று. கோயில் திருவிழா மலரில் வருஷா வருஷம் நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவன். இந்த வருஷம் எழுத வேண்டிய அவசியம் இல்லை, நானே துணுக்காகிவிட்டேன்.

திருடப் போகவில்லை அக்கா. அளக்கப் போனேன்.

மச்சானிடம் லாரி ஓட்டும் அம்மாசி அண்ணன்தான் அன்றைக்குக் காரையும் ஓட்டி வந்திருந்தார். நான்கு கதவையும் திறந்து போட்டுவிட்டு நிழலில் நின்று பசியாறிக்கொண்டிருந்தார். “அண்ணே, உள்ள ஒரு தடவ உக்காந்து பாக்கவா?” என்றேன். “ஒங்க மச்சான் காருதானலா, தாராளமா உக்காருங்க” என்றார். உட்கார்ந்தது ஐந்து விநாடி. அப்புறம் டேப்பை உருவினேன். ஒரு கதவில் நுனியைப் பிடித்தால் மறு கதவு எட்டவில்லை. படுத்தேன். எட்டியது. பிரிந்தது. அந்தப் பக்கமாகப் போன ஓர் அம்மாள், “பாவம், ஏதோ வேண்டுதல் போல” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை. நான் ஃபோட்டோஸ்டாட் கடைக்காரன், காகிதத்துக்குப் பஞ்சமில்லை. தபால்காரரைத் தடுத்து வைக்க இன்னும் பட்டன் வரவில்லை.

அளந்ததைச் சொல்கிறேன். என் கார் எண்பத்து நான்காம் வருஷத்து வண்டி, இங்கே அரிசி ஆலை வைத்திருந்த தவுக்கே, அந்தச் சீன முதலாளி கையிலிருந்து எனக்கு வந்தது. மச்சானுடையது பினாங்கில் எடுத்த ஏழு வருஷத்து வண்டி, நமக்குப் புதுசு. இரண்டுக்கும் மூக்கில் ஒரே சின்னம்தான். தாத்தாவும் பேரனும் என்று வைத்துக்கொள். வெளியே பார்த்தால் பேரன் ஒரு சாண் நீளம் கூட, நான்கு விரல் அகலம் கூட. உள்ளே போனால் அந்த நான்கு விரலையும் கதவுகளே தின்றுவிட்டன. கதவு ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரித் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. ஜன்னல் தபால்பெட்டி வாய் அளவுக்குச் சிறுத்துவிட்டது, அதிலும் கறுப்புக் கண்ணாடி. பெண் போகிறாளா, வாழைக்குலை போகிறதா என்று தெருவில் நிற்பவனுக்குத் தெரியாது. கூரை சரிந்து வந்து தலையைத் தொடுகிறது. வழுக்கைத் தலையனான எனக்கே தட்டியது என்றால் மணப்பெண் கொண்டைக்கு எப்படி? முதுகு பிடித்துவிடும் பட்டன் ஒன்று. காற்று வீசும் பட்டன் ஒன்று. சீட்டைச் சூடாக்கும் பட்டனும் இருக்கிறது. இந்தக் கெடா வெயிலில்! நடு மத்தியானம் நம் யான் ஊர் வயல் வரப்பில் உட்கார்ந்தால் அது இலவசம்.

என் காரில் பட்டன் கிடையாது. பின்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட். ஐம்பத்து நான்கு அங்குலம், நேற்றுத்தான் மறுபடி அளந்தேன். ஸ்பிரிங் இன்னும் செத்துப்போகவில்லை. மூன்று பெண்கள் பட்டுப்புடவை கசங்காமல் உட்காரலாம்.

மூன்று பெண்கள் என்று எழுதியதும் நான் எங்கே வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நம் வீட்டு வழக்கத்தை உனக்கே எழுதிக்காட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் எழுதினால்தான் என் கோபம் வரிசையில் நிற்கும். பெண் மண்டபத்துக்குப் புறப்படும்போது பின்சீட்டில் நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் அப்பாவின் கூடப்பிறந்தவள். இன்னொரு பக்கம் தாய்மாமன் பெண்டாட்டி, மடியில் காமாட்சி விளக்குத் தட்டோடு. உன் கல்யாணத்தில் எஸ்டேட் வேனிலேயே அப்படித்தான் உட்கார வைத்தார்கள்.

உன் மகள் ஷாமளா கல்யாணத்தன்று விடியற்காலையில் என்னை மண்டபத்தில் வாழைமரம் கட்டினார்களா என்று பார்க்க அனுப்பிவிட்டாய். தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் பிரேமா உன் வீட்டு வாசலில் தட்டோடு நின்றாள். பெண் போட்டிருந்த ரவிக்கையைப் பதினோரு நாள் உட்கார்ந்து தைத்தவள் அவள்தான். பிள்ளையில்லாத எங்கள் வீட்டுக்குப் பள்ளி விடுமுறைக்கு வந்து தங்கிய ஒரே குழந்தை ஷாமளாதான். உன் நாத்தனார் பரஞ்சோதி அக்கா ஒரு பக்கமும் ஷாமளா ஒரு பக்கமும் ஏறினார்கள். கதவு தானாகவே சாத்திக்கொண்டதாம், சத்தமே இல்லாமல். ஜன்னலை இறக்கி பரஞ்சோதி அக்கா சொன்னார்களாம்: “எடமில்லலா பிரேமா. நீ சாமான் வேன்ல வந்துரு.”

வேனில் தயிர் வாளிக்கும் வாழையிலைக் கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து என் பெண்டாட்டி மண்டபத்துக்கு வந்தாள். விளக்கு அணைந்திருந்தது. காற்று என்றாள். மற்றதெல்லாம் வேன் ஓட்டியவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆறு வாரமாகிறது. மாமன் விருந்துக்குப் பெண்ணையும் மாப்பிள்ளை லோகேஸ்வரனையும் அழைத்தால், “அம்மாட்ட கேட்டுச் சொல்றேன் மாமா” என்கிறாள் ஷாமளா. நீ பதில் சொல்வதில்லை.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஒரே ஒரு வரி வேண்டும். பிரேமாவை ஏன் ஏற்றவில்லை? அதை வாசித்துக் காட்ட எனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

உன் தம்பி,
புவனேசன்


கோலா கெத்தில்
25.3.2025

புவனேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. கால்சட்டை சங்கதியைப் பரஞ்சோதி அண்ணி அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் சிரிக்கவில்லை.

உன்னை ஏன் தடுத்து வைத்தேன் என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதுகிறாய். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், எழுபது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் இரண்டு கார் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீ எழுதினது என்ன? “பழைய கார்: மூன்று பெண்கள், ஒரு விளக்கு, தாராளம். புதுக் கப்பல்: ஒரு பெண், ஒரு நாத்தனார், மீதி இடம் பட்டனுக்கு.” ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் வரைக்கும் சிரிப்பு பொம்மை போட்டார்கள். உன் மச்சானுடைய லாரிக்காரர்கள் அவரை “கப்பல் முதலாளி” என்று கூப்பிடுகிறார்கள். மூன்று நாள் அந்த மனிதர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீ துணுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவாய். எனக்கு அவரோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

அவர் அதைப் பகட்டுக்கு வாங்கவில்லை. அவருடைய அப்பா எஸ்டேட்டில் துரையின் காரைத் துடைத்தவர், பதினேழு வருஷம். துரை வீட்டு நாய் பின்சீட்டில் போகும், இவர் பின்னாலேயே சைக்கிள் மிதித்துப் போய், போன இடத்தில் மறுபடி துடைப்பார். அந்தச் சின்னம் வைத்த காரில் தன் மகள் உட்கார்ந்து போக வேண்டும் என்று உன் மச்சான் நினைத்தது உனக்கு வேடிக்கையாகப் போய்விட்டது.

சொகுசைப் பற்றி எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன். உன் பழைய காரில் நான் ஏறியிருக்கிறேன். ஏர்கோன் யாரோ வாயால் ஊதுகிற மாதிரி ஊதும். முகத்துக்கு ஒரு மணிநேரம் மேக்கப் போட்ட பெண் அதில் சுங்கை பட்டாணி போய் இறங்கினால் என்ன ஆவாள்? புதுக் காரில் பள்ளம் மேடு தெரியவில்லை. ஷாமளா தூங்கிக்கொண்டே போனாள் என்று அண்ணி சொன்னார். ஜன்னல் சின்னதுதான். வெயிலும் தெருவில் நிற்கிறவர்கள் கண்ணும் பெண் மேல் படவில்லை, அதற்குத்தான் அந்த ஜன்னல்.

அத்தனை அருமையான காராக இருந்தால் நீ ஏன் அதை எந்த விசேஷத்துக்கும் எடுத்து வருவதில்லை? பன்னிரண்டு பதிமூன்று வருஷமாக எல்லா இடத்துக்கும் அந்தச் சின்னக் காரில்தானே வந்து இறங்குகிறாய்? தாய்மாமன் கார் என்று இவ்வளவு பேசுகிறவன் கல்யாணத்தன்று ஏன் கொண்டுவந்து நிறுத்தவில்லை?

நீ கேட்ட ஒரு வரி இதோ. பிரேமாவை ஏற்றவில்லை, ஏனென்றால் இடமில்லை. பின்னால் இரண்டே சீட். நடுவில் இருப்பது மேசை மாதிரி, அசையாது. அதன் மேல் ஆளை உட்கார வைக்க முடியாது. கார் செய்தவனிடம் போய்க் கேள்.

விருந்துக்கு ஷாமளாவுக்கு லீவு இல்லை. பார்க்கலாம்.

வாசுகி


யான்
5.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்புப் பெருநாளுக்குத் தபால் நிலையம் மூடியிருந்தது, அதனால் தாமதம். என் கோபத்துக்கு லீவு இல்லை.

முதலில் நான் கடன்பட்ட இடம். மச்சானுடைய அப்பா சைக்கிளில் போன கதை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவரும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் அந்தப் படத்தைப் போட்டிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. என்னை எனக்குத் தெரியும். போட்டிருப்பேன், கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டிருப்பேன். குழுவிலிருந்து நேற்று எடுத்துவிட்டேன். மச்சானுக்கு ஒரு கும்பிடு. லாரிக்காரர்கள் கப்பல் என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டாம் என்று சொல். என்னை இங்கே பசாரில் “டேப்பு” என்று கூப்பிடுகிறார்கள். மீன் வாங்கப் போனால், “டேப்பண்ணே, இந்தக் கெண்டை எத்தன அங்குலம்?” என்கிறான்.

என் காரைப் பற்றிக் கேட்டாய். அது கேன்வாஸ் போர்வைக்குள் ராஜா மாதிரி இருக்கிறது. பெட்ரோலை மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி குடிக்கும், அதனால் சில்லறை விசேஷத்துக்கெல்லாம் எடுப்பதில்லை. ஷாமளா கல்யாணம் சில்லறை விசேஷமா? நீ டிசம்பரிலேயே “அவங்கப்பா கார் இருக்கு” என்று முடித்துவிட்டாய். ஒரு வார்த்தை, “தம்பி, ஒன் காரக் கொண்டுவாடா” என்று சொல்லியிருந்தால் விடிவதற்கு முன்னால் உன் வாசலில் கண்ணாடியாக நின்றிருக்கும். மூன்று பேரும் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி போயிருப்பார்கள். ஷாமளாவுக்கு எட்டு வயதில் நான் கொடுத்த வாக்கு அது. கேட்கவில்லையே நீ.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன்.

நான் கார் செய்தவனிடம் போகவில்லை. அம்மாசி அண்ணனிடம் போனேன். போகவும் வேண்டியிருக்கவில்லை, மாசி மகத்தன்றே அவர் சொல்லிவிட்டார். முதல் கடிதத்தில் அதை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். நீ என்ன எழுதுவாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன். கேவலமான புத்திதான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் பிரிந்த தையலைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து, “என்னண்ணே காரு இது, இவ்ளோ பெருசா இருந்து ரெண்டு பேருக்குத்தான் எடமா?” என்றேன். அவர் பசியாறிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த நடுத் திண்டை ஒரே கையால் தூக்கி முதுகுப் பக்கம் தள்ளினார். டக். அதுவும் முதுகும் ஒன்றாகிவிட்டன. கீழே மூன்றாவது சீட். மூன்றாவது ஆளுக்கு பெல்ட்டுகூட இருக்கிறது, புத்தம் புதுசாக, யாரும் தொடாமல்.

“மடங்கும்லா. மூணு பேரு தாராளமா போலாம்” என்றார்.

“அப்ப கல்யாணத்தன்னிக்கு?”

அம்மாசி அண்ணனுக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். திண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கு மொதல்ல தூக்கித்தான் வச்சிருந்தேன். எறக்கிவிடச் சொன்னாங்க. யாருன்னு கேக்காதீங்க தம்பி.”

நான் கேட்கவில்லை. இன்னொன்றும் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன், சிரிப்பில்லாமல் எனக்குக் கடிதம் முடியாது. போகும் வழியில் பரஞ்சோதி அக்காவின் கை அந்தச் சூடு பட்டனில் பட்டுவிட்டதாம். பாதி வழியில், “எனக்குக் காய்ச்சல் அடிக்குதுலா, ஒடம்பு கொதிக்குது” என்று அலறி, சூடு தணிய பாண்டான் இலை போட்ட தண்ணீர் கேட்டார்களாம். ஷாமளா தூங்கிக்கொண்டே போனாள் என்று எழுதினாய். அம்மாசி அண்ணன் கண்ணாடியில் பார்த்தாராம். தூங்கவில்லையாம்.

ஆக, இடம் இருந்தது. தாத்தா காரிலும் இருந்தது, பேரன் காரிலும் இருந்தது. என் அளவெல்லாம் வீண்.

பிரேமா தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நேற்று ஊசி விரலில் ஏறிவிட்டது, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். நான் பெரிய பேச்சுக்காரன் என்று ஊரெல்லாம் பேர், அவளிடம் பேச எனக்கு ஒரு வரி இல்லை. அந்த வரி உன்னிடம் இருக்கிறது. திண்டை இறக்கச் சொன்னது யார்?

புவனேசன்


கோலா கெத்தில்
16.4.2025

தம்பி,

சித்திரை முதல் தேதியன்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன், என்ன வந்தாலும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருந்தால் நல்லது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாம். கல்யாண நேரத்தில் அவர்களோடு நான் மல்லுக்கு நிற்க முடியுமா? அதனால்தான்.

மேலே எழுதினது பொய். அடித்துவிட்டு எழுதினாலும் எழுத்து தெரியும், அப்படியே இருக்கட்டும். சம்பந்தியம்மா ஃபோன் செய்தது உண்மை. மண்டபத்தில் தண்ணீர்ப் போத்தல் போதுமா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. பாவம், நல்ல மனுஷி.

யாரும் சொல்லவில்லை. நானே நினைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஷாமளாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி எடுத்தார்கள். அலோர் ஸ்டாரில் வைத்து எடுத்தோம், யாருக்கும் சொல்லவில்லை. லோகேஸ்வரனுக்கு மட்டும் அவளே சொன்னாள். தள்ளிப்போடாமல் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். அன்றையிலிருந்து எனக்கு ஒரே பயம். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் மேற்பார்வை பார்த்தவள் நான், நூறு பெண்களை அதட்டி வேலை வாங்கியவள். எனக்கு இந்த மாதிரி நினைப்பெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு விடியலில் பிரேமா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கார் பக்கம் வந்தாள். பச்சைப் பட்டு. சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்ததும் பிள்ளை தங்காதவள் என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. நான் அம்மாசியிடம் போய், “அந்தத் திண்ட எறக்கிவிடு” என்றேன். பரஞ்சோதி அண்ணியிடம், “இடமில்லன்னு சொல்லிருங்க” என்றேன். சொன்னது அவர் வாய். சொல்ல வைத்தது நான். அவரை ஊரெல்லாம் திட்டாதே.

ஷாமளா பார்த்துவிட்டாள். “அம்மா, அத்தை ஏறல” என்றாள். “பேசாம உக்காரு” என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. “அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்” என்று உன்னிடம் சொன்னாள் அல்லவா, அவள் கேட்டாள். நான்தான் லீவு இல்லை என்று சொல்லச் சொன்னேன். உங்கள் வீட்டில் அவள் சாப்பிடுவதற்கும் அதே பயம். இதை எழுதும்போது என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் பொய் எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் பன்னிரண்டு வருஷமாக வராததற்கும் வேலை காரணமில்லை. பிரேமாவுக்கு மூன்றாவது தடவை கலைந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அதோடு சரி. அவள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். அப்படியே போய்விட்டது.

மன்னிப்பு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நல்லது. மறுபடி அந்த விடியல் வந்தால் திண்டைத் தூக்கி வைப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. தூக்கி வைக்க வேண்டும் என்று மட்டும் தெரிகிறது.

ஷாமளாவையும் மாப்பிள்ளையையும் அனுப்புகிறேன். தேதி சொல். நான் வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவாயா? காட்டாதே. இல்லை, காட்டு.

அக்கா


யான்
24.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. எனக்கு நன்றாக வாசிக்க வரும், உனக்குத் தெரியும். இதை நன்றாக வாசிக்க வரவில்லை.

பிரேமா மிஷினை நிறுத்தவில்லை. கட்டி எடுத்த இடம் வந்தபோது மட்டும் நிறுத்தினாள். “தையல் போட்ட வயிறு. அதான் ரவிக்கைக்கு அளவெடுக்கறப்ப இடுப்பத் தொடவுடல” என்றாள். பிறகு ஓட்டினாள். பச்சைப் பட்டு வந்தபோது இன்னும் வேகமாக ஓட்டினாள். முடித்த பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “இதுதான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

“தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க அதையும் குரூப்ல போடுவீங்க.”

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என்னை யாரும் இவ்வளவு சரியாக அளந்ததில்லை.

நான் உன்னை மன்னிக்கவில்லை அக்கா. முயற்சி செய்து பார்த்தேன், மூன்று நாள். சாப்பிடும்போது வருகிறது, கடையில் ஷட்டரை இறக்கும்போது போய்விடுகிறது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். நீ உண்மையை எழுதிவிட்டாய், இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

விருந்து மே பத்தாம் தேதி, சனிக்கிழமை. தஞ்சோங் டாவாயில் நண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஷாமளாவும் லோகேஸ்வரனும் வரட்டும். மச்சானையும் வரச் சொல். அந்தக் காரிலேயே வரட்டும், என் தெரு மூலையில் திருப்ப முடியாது, அவ்வளவு நீளம், நானே இறங்கி வந்து “லெப்ட்டு, லெப்ட்டு” என்று கைகாட்டுகிறேன். நீ வரலாமா என்று பிரேமாவிடம் கேட்டேன். “வரவேணாம்னு நான் சொல்லல” என்றாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “வாங்கன்னும் சொல்லல. எழுதிருங்க” என்றாள். எழுதிவிட்டேன். வருவதாக இருந்தால் திண்டைத் தூக்கிவிட்டு, நடுவில் நீ உட்கார்ந்து வா. எப்படி இருக்கிறது என்று பார்.

உட்கார இடத்துக்குக் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. கூடத்தில், டிவிக்கு எதிரில், செங்கல் அடுக்கி அதன் மேல் ஒரு நீளச் சீட் போட்டிருக்கிறேன். பிரேமாவுக்கு மூன்றாவது தடவை கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று, அந்தப் பழைய காரில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டும்போது பின்பக்கம் திரும்பி, “இவ்ளோ எடம் நமக்கு எதுக்குங்க?” என்றாள். மறுவாரம் ஸ்பானர் எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் சோபா அதுதான். ஷாமளா கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து வந்து, பச்சைப் பட்டை மாற்றாமல், அதில்தான் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பத்து நான்கு அங்குலம். நான் டேப் வைத்து அளந்தது அங்கேதான். என் காரில் பின்சீட்டே கிடையாது, அக்கா.

உன் தம்பி,
புவனேசன்